வேறு விதிநூலில் செய்த பைப்பை நம் ஸ்டீம் லைனில் போடலாமா? குன்னூரிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் தேயிலை ஃபேக்டரிகளுக்கும் சில ஓட்டல் லாண்டரிகளுக்கும் ஸ்டீம் லைன் வேலை செய்கிறவன் நான். கொஞ்ச நாளாக ஒரே மாதிரி கேள்விகளாக வருகின்றன. வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின், பைப் எல்லாம் பூட்டிய நிலையில் லாரியில் ஏறி, மேட்டுப்பாளையம் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்து இறங்குகிறது. டிராயிங்கில் நமக்குப் பழக்கமில்லாத ஐரோப்பிய எண்கள். பாய்லர் இன்ஸ்பெக்டர் ஒரு பேப்பர் கேட்கிறார், விற்றவர் வேறு ஒரு பேப்பர் கொடுக்கிறார், நடுவில் ஃபேக்டரிக்காரர் தவிக்கிறார். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். பைப்பை எப்படிக் கணக்கிட்டு, செய்து, சோதிக்க வேண்டும் என்று சொல்லும் டிசைன் கோடை இதில் விதிநூல் என்றே எழுதுகிறேன், இல்லையென்றால் கோடு, கோட்டை என்று படிக்கக் குழப்பமாகிவிடும்.

பைப் அதே பைப்தானே, விதிநூல் மாறினால் என்ன மாறிவிடும்?

இரும்பு மாறாது. அதன் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்ற கணக்கு மாறும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த, அமெரிக்கத் தரமான ஏ106 கிரேடு பி சீம்லெஸ் (வெல்ட் தையல் இல்லாத) பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டென்சைல், அதாவது இழுத்து அறுபடுவதற்கு முன் அது தாங்கும் உச்சம், குறைந்தது 415 மெகாபாஸ்கல். ஈல்ட், அதாவது இழுப்பை விட்டாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் போகத் தொடங்கும் இடம், குறைந்தது 240. இந்த இரண்டு எண்ணையும் வைத்து ஒவ்வொரு விதிநூலும் தன் வழியில் ஒரு அனுமதித் தகைவு, அதாவது அந்த உருக்கின் மேல் ஏற்றலாம் என்று விடும் பார அளவு, போடுகிறது.

பவர் பைப்பிங்குக்கான அமெரிக்க விதிநூல் ஏ.எஸ்.எம்.இ. பி31.1 டென்சைலை 3.5 ஆல் வகுக்கிறது, வருவது சுமார் 118. கெமிக்கல் ஆலை, ரிஃபைனரி பைப்களுக்கான பி31.3 அதையே 3 ஆல் வகுக்கிறது, 138 வருகிறது. ஐரோப்பாவின் ஈ.என். 13480 டென்சைலை 2.4 ஆலும் ஈல்டை 1.5 ஆலும் வகுத்து இரண்டில் சின்னதை எடுக்கச் சொல்கிறது, அதில் 160. இதெல்லாம் சாதாரண வெப்பநிலைக்கான கணக்கு. ஒரே பைப், ஒரே உருக்கு, மூன்று எண்கள்.

அப்போ ஐரோப்பியக் கணக்கே லாபம் என்று தோன்றும். ஆனால் அந்த 160 சும்மா வருவதில்லை. அதோடு சேர்த்து மோதல் சோதனை (ஒரு துண்டைச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்ப்பது) கேட்பார்கள், சூட்டில் பைப்பின் ஈல்ட் எவ்வளவு என்று உத்தரவாதம் கேட்பார்கள், வெல்டிங் சோதனையும் ஆய்வும் அவர்கள் முறையில் நடக்க வேண்டும். பி31.1 பெரிய இடைவெளி விட்டுக் கணக்குப் போடுகிறது, அதனால் சில கேள்விகளைக் கேட்காமல் விடுகிறது. ஒரு நூலில் தகைவை எடுத்து, இன்னொன்றில் சோதனையை எடுத்து, மூன்றாவதில் வெல்டிங்கை எடுத்து ஒட்டினால், மூன்று நூலுமே பொறுப்பேற்காத ஒரு லைன் உங்கள் கூரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். எந்த நூலை எடுத்தாலும் முழுசாக எடுங்கள்.

நீலகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு எந்த விதிநூல் பொருந்தும்?

ஸ்டீம் என்றால் முதலில் சட்டம், அப்புறம்தான் நம் விருப்பம். இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள், 1950, நாம் ஐ.பி.ஆர். என்று சொல்வது. அது பிறந்தது 1923 ஆம் ஆண்டு பாய்லர் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 இல் புதிய பாய்லர் சட்டம் வந்துவிட்டது. ஸ்டீம் பைப் என்று ஐ.பி.ஆர். எதைச் சொல்கிறது? காற்றழுத்தத்துக்கு மேல் சதுர செ.மீ.க்கு 3.5 கிலோவைத் தாண்டும் ஸ்டீம் ஓடும் பைப், அல்லது உள்விட்டம் 254 மிமீக்கு மேல் உள்ள பைப். இந்த இரண்டில் ஒன்று பொருந்தினாலும் உங்கள் லைன் அதற்குள் வருகிறது.

விற்றவர் "இது பி31.3 படி செய்தது, உலகம் முழுக்க ஒத்துக்கொள்கிறார்கள்" என்று சொல்வார். உண்மைதான், நல்ல நூல்தான். ஆனால் அதை வைத்து ஐ.பி.ஆர். ஐத் தாண்ட முடியாது. லைனின் டிராயிங் முன்கூட்டியே மாநில பாய்லர் இயக்குநரகத்துக்குப் போக வேண்டும். பைப்புக்கு ஃபார்ம் 3-ஏ, வால்வு, ஃபிட்டிங்குக்கு ஃபார்ம் 3-சி என்ற சான்றுப் படிவங்கள் இருக்க வேண்டும், வெல்டரிடம் ஐ.பி.ஆர். தகுதி இருக்க வேண்டும்.

3.5 கிலோவுக்குக் கீழே ஓடும் லைன்களுக்கு?

பிரஷர் குறைக்கும் வால்வுக்கு அப்புறம் 2 கிலோ, 3 கிலோவில் ஓடும் சின்ன லைன்கள் இந்த வரையறைக்கு வெளியே வரும். ஆனால் அந்த வால்வு மாட்டிக்கொண்டு முழு பிரஷரும் இந்தப் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, சரியான அளவில் ஒரு சேஃப்டி வால்வு வைத்தால்தான் 'வெளியே' என்ற அந்த வார்த்தைக்கு அர்த்தம். சேஃப்டி வால்வு இல்லாத 2 கிலோ லைனை நான் 10 கிலோ லைனாகத்தான் பார்ப்பேன்.

எங்கள் மெஷினில் பி265ஜி.எச். என்று போட்டிருக்கிறது. அது ஏ106 கிரேடு பி க்குச் சமம் என்கிறார்களே?

நெருங்கிய சொந்தம், அவ்வளவுதான். ஐரோப்பிய உருக்கான பி265ஜி.எச்.இன் ஈல்ட் குறைந்தது 265, ஏ106 கிரேடு பி இன் ஈல்ட் 240. டென்சைலில் தலைகீழ்: அதற்கு 410, இதற்கு 415. கார்பன் அதில் அதிகபட்சம் 0.20 சதவீதம், இதில் 0.30 வரை போகலாம். ஆக, பெயர் மாற்றி எழுதுவதை எந்த இன்ஸ்பெக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது.

"சமமான கிரேடு" என்று ஒரு பட்டியல் இணையத்தில் எங்கும் கிடைக்கிறது. அதைத் தேட ஆரம்பிக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள், முடிவாக எடுக்காதீர்கள். அந்தப் பட்டியலில் ஒரே வரியில் இருக்கும் இரண்டு உருக்குகளில் ஒன்று சூட்டில் தன் பலத்துக்கு உத்தரவாதம் தருகிறது, இன்னொன்று தருவதில்லை. அந்த வித்தியாசம் பட்டியலில் தெரியாது.

சில உருட்டாலைகள் ஒரே பைப்புக்கு இரண்டு தர எண்ணும் சேர்த்துச் சான்று தருகின்றன. கார்பன் 0.18, ஈல்ட் 290, டென்சைல் 450 என்று வந்த ஒரு பைப் இரண்டு பக்கத்து வரம்புக்குள்ளும் உட்காரும், அதனால் இது சாத்தியம். புதிதாக ஆர்டர் போடுகிறவர்கள் இதைத்தான் கேட்க வேண்டும். வந்து இறங்கியபின் சண்டை போடுவதைவிட, ஆர்டரில் ஒரு வரி எழுதுவது எளிது.

எஸ்.எஸ். 316எல் க்கும் இதே சிக்கலா? அது உலகம் முழுக்க ஒன்றுதானே?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 316எல் பைப்புக்கு ஐரோப்பாவில் 1.4404 என்று எண். அமெரிக்க ஏ312 படி குரோமியம் 16 முதல் 18 சதவீதம். 1.4404 இல் 16.5 முதல் 18.5. மாலிப்டினம் ஏ312 இல் 2 முதல் 3, 1.4404 இல் 2 முதல் 2.5. கார்பன் ஏ312 பைப்பில் 0.035 வரை, 1.4404 இல் 0.030 வரை. குரோமியம் 16.2 என்று சான்றிதழில் வந்த பைப் நல்ல 316எல், ஆனால் 1.4404 இல்லை. குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எல்லாம் விலை உள்ளவை என்பதால் ஆலைகள் கீழ் வரம்பை ஒட்டியே உருக்குவது வழக்கம், ஆகவே இது அபூர்வமான விஷயமும் இல்லை.

இன்னொன்று, இந்த வகை ஸ்டீலுக்கு ஈல்டை எங்கே அளப்பது என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது. அமெரிக்கப் பக்கம் 0.2 சதவீத நீட்சியில் அளந்ததை வைத்துக் கணக்கு, ஐரோப்பியக் கணக்கு 1 சதவீதத்தில் அளந்ததை எடுக்கும். ஒரு சான்றிதழின் ஈல்ட் எண்ணைத் தூக்கி இன்னொரு நூலின் சூத்திரத்தில் போடுகிறவர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பைப் ஆலை தந்த மில் சர்ட்டிஃபிகேட்டில் டென்சைல் 480 என்று இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் அதிகத் தகைவு வருமே?

வரும், ஆனால் அப்படிப் போடக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் டிப்ளமோ பசங்க பத்துப் பேரில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, காகிதத்தில் பெரிய எண் கண்ணுக்குத் தெரிகிறதே.

அந்த 480 ஒரு துண்டை வெட்டி இழுத்தபோது வந்த எண். அதே ஹீட்டில், அதாவது ஒரே உருக்கலில், வந்த மற்ற பைப் 440 கூட இருக்கலாம். தர நூல், அதாவது ஏ106 மாதிரி அந்த உருக்குக்கான விவரக் குறிப்பு, எந்தக் குறைந்த அளவுக்கு உத்தரவாதம் தருகிறதோ அதிலிருந்துதான் அனுமதித் தகைவு போட வேண்டும். சான்றிதழ் எண் நீங்கள் அந்தக் குறைந்த அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று காட்ட மட்டுமே.

நூலின் பட்டியலில் இல்லாத பைப்பைத் தகுதி பார்த்து எடுக்க வழியே இல்லையா?

இருக்கிறது. பி31.3 இதைத் தெளிவாகப் பேசுகிறது. பட்டியலில் இல்லாத உருக்கைப் பயன்படுத்தலாம், ஆனால் அது வெளியிடப்பட்ட ஒரு தர நூலின்படி செய்ததாக இருக்க வேண்டும். அந்த நூல் வேதிக் கலவை, பலம், எப்படிச் செய்தார்கள், எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தினார்கள், தரக் கட்டுப்பாடு என எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அனுமதித் தகைவை நம் நூலின் அடிப்படையில் புதிதாகக் கணக்கிட வேண்டும். பி31.1 இலும் இதே மாதிரி ஒரு வழி உண்டு.

நான் உட்கார்ந்து செய்யும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் அந்தத் தர நூலின் சரியான ஆண்டுப் பதிப்பைக் கையில் வாங்குவேன், ஏனென்றால் பதிப்புக்குப் பதிப்பு கந்தகம், பாஸ்பரஸ் வரம்புகள் மாறும். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இடது பக்கம் அந்த உருக்கு, வலது பக்கம் நம் பட்டியலில் அதற்கு நெருங்கிய உருக்கு என்று எழுதுவேன். கார்பன், மாங்கனீஸ், குரோமியம் எல்லாம் சேர்த்து கார்பன் சமான எண் போட்டுப் பார்ப்பேன், வெல்டிங்கில் விரிசல் வருமா என்பதற்கு அதுதான் முதல் துப்பு. பைப் சீம்லெஸ்ஸா, நீளவாக்கில் வெல்ட் செய்ததா என்று பார்ப்பேன். மின்சாரத்தால் நீளவாக்கில் வெல்ட் செய்த ஈ.ஆர்.டபிள்யூ. என்றால் ஏ.எஸ்.எம்.இ. கணக்கில் 0.85 ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும். அப்புறம்தான் லைன் ஓடும் வெப்பநிலையில் தகைவு எவ்வளவு என்பது. அந்தத் தர நூல் சூட்டில் ஈல்ட் தரவில்லை என்றால் அங்கேயே நிற்பேன், ஊகித்து ஒரு எண் எழுத மாட்டேன்.

கடைசியில் இந்தத் தாளில் லைனின் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். எந்த நூல், எந்த உருக்கு என்பது உரிமையாளரின் பொறுப்பில் வரும் முடிவு. "என்ஜினியர் சொன்னார், போட்டுவிட்டேன்" என்று ஃபேக்டரி முதலாளி பிறகு சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது, அதனால் உட்கார வைத்து விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். ஐ.பி.ஆர். லைன் என்றால் இந்தத் தாள் மட்டும் போதாது. சென்ட்ரல் பாய்லர்ஸ் போர்டு அங்கீகரித்த ஆய்வு அமைப்பு கையெழுத்திட்ட சான்று வேண்டும், பைப் செய்யும் ஊரிலேயே அதை வாங்கிவிட வேண்டும்.

எங்களுக்கு ஓடுவதே 10 கிலோ பிரஷர். இதற்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா?

நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 4 இஞ்ச் ஷெட்யூல் 40 (சுவர் தடிமன் வகை) பைப், வெளிவிட்டம் 114.3 மிமீ, சுவர் 6.02 மிமீ. டிசைன் பிரஷர் 10.5 கிலோ, அதாவது சுமார் 1.03 மெகாபாஸ்கல். பி31.1 இன் 118 தகைவை வைத்தால் பிரஷருக்கு மட்டும் தேவையான சுவர் 0.50 மிமீ. ஆம், அரை மில்லிமீட்டர். ஐரோப்பிய 160 ஐ வைத்தால் 0.37. வித்தியாசம் ஒரு தாளின் தடிமன். துருவுக்கு ஒன்றரை மிமீ சேர்த்து, ஆலையில் 12.5 சதவீதம் மெலிந்து வரலாம் என்பதையும் ஏற்றினால்கூட 2.3 மிமீ போதும். கையில் இருப்பது 6.

ஆக உங்கள் லைன் உள்பிரஷரால் பிளந்து போகப் போவதில்லை. அப்படியென்றால் எதனால் கெடுகிறது? இந்த மலையில் நான் பார்த்தவரை வெல்டிங் வேரில் (வெல்டின் அடியில்) விரிசல், தாங்கி இல்லாமல் தொங்கும் வளைவு, தண்ணீர் அடி. 30 மீட்டர் லைன் காலையில் 10 டிகிரியில் இருந்து 185 டிகிரிக்கு ஏறும்போது 60 மிமீக்கு மேல் நீளும். அதற்கு இடம் விடவில்லை என்றால் எந்த உருக்காக இருந்தாலும் எங்காவது போய் முட்டும். நம் ஃபேக்டரிகள் சரிவில் இருப்பவை, பாய்லர் கீழே, மெஷின் மேலே. ஸ்டீம் மேலே ஏறுகிறது, குளிரில் குளிர்ந்து நீரானது அதே பைப்பில் எதிர்த்து இறங்குகிறது. சரியான இடத்தில் நீரை வெளியேற்றும் ட்ராப் இல்லாவிட்டால் அந்த நீரை ஸ்டீம் அள்ளிக்கொண்டு போய் வளைவில் அடிக்கும், சுத்தியலால் அடித்த மாதிரி சத்தம் கேட்கும்.

இந்த அடியைத் தாங்குவதில்தான் உருக்கின் தரம் வெளிப்படும். நல்ல உருக்கு வளையும், கார்பன் ஏறிய உருக்கு வெல்டிங் ஓரத்தில் உடையும். குறைந்த பிரஷருக்கும் பைப் எங்கிருந்து வந்தது என்று ஏன் கேட்கிறேன் என்பதற்கு இதுதான் காரணம்.

சி கிளாஸ் பைப் போடலாமா? கடையில் உடனே கிடைக்கிறது.

சி கிளாஸ் என்பது ஐ.எஸ். 1239 இல் கனமான வகை. அதன் டென்சைல் குறைந்தது 320 மெகாபாஸ்கல்தான். தண்ணீர், காற்று, பிரஷர் இல்லாமல் திரும்பும் கண்டன்ஸேட் (ஸ்டீம் குளிர்ந்து வந்த நீர்), இவற்றுக்கு நல்ல பைப். ஐ.பி.ஆர். ஸ்டீம் லைனில் ஃபார்ம் 3-ஏ இல்லாத எதையும் போடாதீர்கள், கடைக்காரர் "எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்" என்று சொன்னாலும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை ஸ்டீமுக்கு வெல்ட் செய்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அந்தத் துத்தநாகப் புகையை மூச்சில் இழுக்கும் வெல்டரை நினைத்துப் பாருங்கள்.

பழைய இரும்புக் கடையில் சீம்லெஸ் பைப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. டெஸ்ட் செய்து எடுத்துக்கொள்ளலாமா?

சில வருஷம் முன்னால் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இப்படி நடந்தது. சமவெளியில் ஒரு காயலான் கடையில் 6 இஞ்ச் பைப் ஒன்பது நீளம் வாங்கிக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பார்க்க அருமையான பைப், உள்ளே துரு இல்லை, சுவர் 7 மிமீக்கு மேல். எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பர் மட்டும் எங்கும் இல்லை. நான் சேருவதற்குள் இரண்டு ஜாயின்ட் போட்டு முடித்திருந்தார்கள். விரிசலைக் காட்டும் சிவப்பு டை அடித்துப் பார்த்தால் இரண்டிலும் வெல்டிங் ஓரமாகவே சிவப்புக் கோடு. வெல்டர் கைதேர்ந்தவர், பல வருஷம் அவரோடு வேலை செய்திருக்கிறேன், தன் கைமேல் பழி வந்துவிட்டதே என்று அன்று சாப்பிடக்கூட இல்லை. ஒரு துண்டை வெட்டி கோவையில் சோதனைக்குக் கொடுத்தோம், கார்பன் 0.42 வந்தது. ஸ்டீம் லைனுக்கான பைப்பே இல்லை அது, ஏதோ இயந்திர பாகம் கடைவதற்கான குழாய். அவர் கையில் ஒரு தவறும் இல்லை என்று அந்த ரிப்போர்ட்டை எடுத்துப்போய் முதலில் அவரிடம்தான் காட்டினேன்.

பி31.3 இதில் இரண்டு விஷயத்தைப் பிரிக்கிறது. பயன்படுத்திய பைப், ஆனால் எந்தத் தரத்தில் செய்தது என்று அடையாளம் நிரூபிக்க முடிகிறது என்றால் சுத்தம் செய்து, ஆய்வு செய்து எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தரம் என்றே தெரியாத பைப்பைப் பிரஷர் தாங்கும் இடத்தில் போடவே கூடாது. ஒரு துண்டை டெஸ்ட் செய்தால் அந்தத் துண்டைப் பற்றித் தெரியும். மீதி எட்டு நீளமும் அதே உருக்கு என்று யார் சொல்வது? அந்த ஒன்பது பைப்பையும் வெல்ட் செய்யாமல், கிளாம்ப் போட்டு, லைனுக்குத் தூணாக நிறுத்தினோம். இன்றும் நிற்கின்றன.

கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே கருவி இருக்கிறதே, அதில் பைப்பை அடையாளம் கண்டுவிடலாமே?

குரோமியம், நிக்கல், மாலிப்டினம் என்று அழகாகக் காட்டும், அதனால் 304 ஐயும் 316 ஐயும் பிரிக்க அது போதும். ஆனால் அந்தக் கருவிக்குக் கார்பன் தெரியாது. மேலே சொன்ன கோத்தகிரி பைப்பை அதில் காட்டினால் "இரும்பு, கொஞ்சம் மாங்கனீஸ்" என்று சொல்லி விட்டுவிடும். கார்பன் வேண்டும் என்றால் தீப்பொறி போட்டுப் பார்க்கும் ஓ.ஈ.எஸ். வேண்டும்.

வெளிநாட்டு மெஷினின் பைப்பும் நம் பைப்பும் அளவில் பொருந்துமா?

4 இஞ்ச் பொருந்தும், இரண்டு பக்கமும் 114.3. இரண்டரை இஞ்சில் மாட்டிக்கொள்வீர்கள்: ஏ.எஸ்.எம்.இ. பைப்புக்கு வெளிவிட்டம் 73.0, ஐரோப்பியப் பைப்புக்கும் நம் ஐ.எஸ். 1239 க்கும் 76.1. 5 இஞ்சில் 141.3 க்கு 139.7. 6 இஞ்சில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் 168.3, ஐ.எஸ். 1239 மட்டும் 165.1. மூன்று மிமீ என்பது வெல்டிங் வேரில் பெரிய படி. கிரைண்டரால் தேய்த்துச் சமாளிக்கிறவர்கள் சுவரையும் சேர்த்துத்தான் தேய்க்கிறார்கள்.

பைப் முனைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்ச் இன்னும் மோசம். அமெரிக்க 4 இஞ்ச் கிளாஸ் 150 க்கும் அதே அளவு ஐரோப்பிய டி.என். 100 பி.என். 16 க்கும் போல்ட் ஓட்டை எட்டுதான், ஆனால் ஓட்டைகளின் வட்டம் ஒன்றில் 190.5, இன்னொன்றில் 180. மேலே ஏற்றிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஒரு நாள் போய்விடும், குன்னூரில் உடனே வாங்க முடியாது. மெஷின் எல்லையில் ஒரு பக்கம் பி.என்., இன்னொரு பக்கம் கிளாஸ் என்று இரண்டு முகமும் உள்ள ஒரு சின்னத் துண்டைக் கீழேயே செய்து, சான்றோடு கொண்டுவாருங்கள். ஃபிளேஞ்ச் ஓட்டையை நீளமாக்காதீர்கள்.

அவர்களுடைய வெல்டிங் பேப்பர் நமக்குச் செல்லுமா?

தானாகச் செல்லாது. ஐரோப்பாவில் ஐ.எஸ்.ஓ. 15614-1 படி வெல்டிங் முறையைச் சோதிக்கிறார்கள், ஏ.எஸ்.எம்.இ. வழியில் செக்‌ஷன் 9. செக்‌ஷன் 9 பெரும்பாலும் இழுத்தும் வளைத்தும் பார்த்து முடிக்கும். 15614 இன் கடினமான நிலை வெட்டி அரித்துப் பார்ப்பது, கடினத்தன்மை அளப்பது, மோதல் சோதனை என்று கூடுதலாகக் கேட்கும். 2017 பதிப்பில் ஏ.எஸ்.எம்.இ. பாணிக்கு நெருக்கமாக நிலை 1 என்றும் பழைய கடின வழியை நிலை 2 என்றும் பிரித்தார்கள். ஆக அவர்கள் பேப்பரில் நிலை 2 என்று இருந்தால் அதிலுள்ள சோதனைகளில் பல நமக்கும் ஆதாரமாக உதவும், ஆனால் நம் நூல் கேட்கும் படிவத்தில், நம் உருக்குக் குழு எண்ணோடு மறுபடி எழுதி, இல்லாத சோதனையைச் செய்து சேர்க்க வேண்டும். வெல்டரின் தகுதியோ ஐ.பி.ஆர். லைனில் ஐ.பி.ஆர். படிதான்.

ஹைட்ரோ டெஸ்ட் போட்டுப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

இல்லை. அன்றைக்கு, குளிர்ந்த தண்ணீரில், அந்த பிரஷரில் ஒழுகவில்லை என்று மட்டும் தெரியும். தவறான உருக்கு முதல் நாள் டெஸ்டில் நன்றாகத்தான் பாஸாகும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதும் நூலுக்கு நூல் வேறு. பி31.1 இல் டிசைன் பிரஷரைப் போல் ஒன்றரை மடங்கு. பி31.3 இல் ஒன்றரை மடங்கோடு வெப்பநிலைக்கான விகிதமும் சேரும். ஐரோப்பியத்தில் 1.43 மடங்கு, அல்லது 1.25 மடங்கை வெப்பநிலை விகிதத்தால் பெருக்கியது, இரண்டில் பெரியது.

ஊட்டியில் உறைபனி விழுகிறது. குளிருக்குத் தனி உருக்கு வேண்டுமா?

வேண்டாம். பி31.3 இல் ஏ106 கிரேடு பி, சாதாரணச் சுவர் தடிமனில், மைனஸ் 29 டிகிரி வரை மோதல் சோதனை இல்லாமலே போகலாம். தலைகுந்தாவில் புல் வெளுத்துப் போகும் காலையில்கூட பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரிதான்.

உயரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பைப் சுவர் கணக்குக்கு இது ஒன்றும் செய்யாது, பிரஷர் கேஜ் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்புக்கு மட்டும் கவனம் வேண்டும். சமவெளிக்காகத் தேர்ந்தெடுத்த பம்பில் 90 டிகிரி தண்ணீர் விட்டால் இங்கே பம்புக்குள்ளேயே ஆவியாகி இரைச்சல் போடும். டேங்கை உயர்த்துங்கள் அல்லது தண்ணீரைக் கொஞ்சம் குளிரவிடுங்கள்.

நாங்கள் இங்கே செய்ததை ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும். ஏ106 போதுமா?

அங்கே 2014/68 எண் கொண்ட பிரஷர் கருவி விதி இருக்கிறது. அவர்களுடைய இணக்கமான தரத்தில் இல்லாத உருக்கு என்றால் அந்த ஒரு வேலைக்காக உருக்கு மதிப்பீடு ஒன்று எழுதிக்காட்ட வேண்டும், உயர்ந்த ஆபத்துப் பிரிவுகளில் அதை அவர்கள் அறிவித்த ஆய்வு அமைப்பு பார்க்க வேண்டும். பொதுவாக 14 சதவீத நீட்சியும், 20 டிகிரிக்கு மேற்படாத வெப்பநிலையில் 27 ஜூல் மோதல் ஆற்றலும் எதிர்பார்ப்பார்கள். ஏ106 தர நூல் மோதல் சோதனையைக் கேட்பதே இல்லை, ஆகவே பைப் ஆர்டர் போடும்போதே அதைத் தனியாகச் சேர்த்து, 3.1 சான்று கேளுங்கள். 3.1 என்றால் ஆலையின் தயாரிப்புப் பிரிவைச் சேராத ஆய்வாளர் கையெழுத்திட்டது. 3.2 என்றால் அதோடு வெளி ஆய்வாளரும் கையெழுத்திட்டது.

மலை ரயில் இஞ்சின் பாய்லருக்கும் இதே சட்டமா?

ரயில்வேயின் இஞ்சின் பாய்லர்களை 1923 சட்டமே தனக்கு வெளியே வைத்துவிட்டது. அவற்றை ரயில்வே தன் விதிகளின்படி பார்த்துக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பழைய எக்ஸ் கிளாஸ் இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவை. வேறு நாட்டில், வேறு நூலில் பிறந்த இரும்பை நம் மண்ணில் பத்திரமாக ஓட்ட முடியும் என்பதற்கு இந்த மலையில் அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பாகத்தின் கதையையும் எழுதி வைத்து, பார்த்துப் பார்த்து மாற்றும் மனிதர்கள் இருந்தால் நடக்கும்.

வேலை முடிந்தது. பேப்பரையெல்லாம் என்ன செய்வது?

இதை யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். குன்னூரில் ஜூலை முதல் டிசம்பர் வரை எந்தப் பீரோவிலும் காகிதம் நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு ஃபேக்டரியில் மில் சர்ட்டிஃபிகேட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போதே கிழிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பைப்பை வெட்டும்போது ஹீட் நம்பரை வெட்டிய இரண்டு துண்டிலும் எழுதிய பிறகே அடுத்த துண்டைத் தொடுங்கள். இன்சுலேஷனுக்கு உள்ளே பெயின்ட் உரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு துண்டின் ஹீட் நம்பரையும் ஒரு எஸ்.எஸ். தகட்டில் பொறித்து, மேல் அலுமினிய உறைக்கு வெளியே, கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த லைனில் ஒரு கிளை வெட்ட வருகிற ஃபிட்டர் பையன் முதலில் தேடப் போவது அந்தத் தகட்டைத்தான்.